ஒரே வகுப்பு, இரண்டு கூட்டம்: மைதானத்தில் அரை நாள் கிடைத்தால் என்ன செய்யலாம்?

ஏழாம் வகுப்பு டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் வகுப்பில் 42 பிள்ளைகள். போன வருடம் வரை ஏ, பி என்று தனித்தனியாக இருந்தவர்களை இந்த வருடம் ஒரே வகுப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். பெஞ்சு மாற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். இடைவேளை மணி அடித்ததும் பழைய ஏ பிள்ளைகள் ஒரு மரத்தடிக்கும் பழைய பி பிள்ளைகள் இன்னொரு மரத்தடிக்கும் போய்விடுகிறார்கள். பென்சில் ஒன்று காணாமல் போனால்கூட முதல் சந்தேகம் அடுத்த கூட்டத்தின் மேல்தான்.

அடுத்த மாதம் ஒரு காலைப் பொழுது, மூன்று மணி நேரம், மைதானத்தை எனக்கே தருவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கூட இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். கயிறு இழுத்தல், மூன்று கால் ஓட்டம், கண்ணைக் கட்டி நடப்பது, பின்னால் சாய்ந்து விழுந்தால் மற்றவர்கள் பிடிப்பது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர்கள், "ஏவுக்கும் பிக்கும் போட்டி வைத்துக் கோப்பை கொடுங்கள், உற்சாகமாக இருக்கும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் சொல்லவும் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். நல்ல சுட்டி, ஆனால் விளையாட்டு என்றாலே அவளிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுத்துவிடுகிறோம். இன்னொரு பையன் யாரிடமும் வாய் திறப்பதில்லை. இவர்கள் இருவரையும் ஓரமாக உட்கார வைக்காத விளையாட்டுகளாக வேண்டும். காசு செலவழிக்க வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மைதானத்து வாத்தியார் எழுதியது:

டீச்சர், நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனம் சொல்வது சரி. ஏவுக்கும் பிக்கும் போட்டி வேண்டவே வேண்டாம்.

இதைக் கிட்டத்தட்ட அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், முஸாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் ஒரு கோடை முகாம் நடத்தினார். உங்கள் பிள்ளைகள் வயதுதான், 22 பையன்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, முதலில் தனித்தனியாகப் பழகவிட்டார்கள். அப்புறம் பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று பரிசு வைத்துப் போட்டி. சில நாட்களில் ஒரு குழுவின் கொடியை மற்றது எரித்தது, தங்கும் அறைக்குள் புகுந்து பொருட்களைக் கலைத்துப் போட்டது. சரி, சேர்ந்து சாப்பிடட்டும், சேர்ந்து படம் பார்க்கட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். நீங்கள் பெஞ்சு மாற்றியபோது நடந்ததும் இதுதான்.

பிறகு எது மாற்றியது? தண்ணீர் வரவில்லை, தொட்டிக்குழாயில் அடைப்பு. எல்லோருக்கும் தாகம், எல்லோரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவரப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. முன்பு எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தது. இவையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் திட்டமிட்டு வைத்த சிக்கல்கள். ஒரே நாளில் மாற்றம் வந்துவிடவில்லை, இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகே பகை தணிந்தது. பையன்களுக்குத் தெரியாமல் அவர்களை வைத்துச் சோதனை செய்தது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனாலும் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது பெரியது. ஒரு கூட்டத்தால் தனியாக முடிக்கவே முடியாத வேலையைக் கொடுத்தால்தான் பிள்ளைகள் அடுத்தவரைத் தேடிப் போவார்கள்.

எந்த விளையாட்டை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதில் யாராவது ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் குழு ஜெயித்துவிடுமா? ஜெயித்துவிடும் என்றால் அந்தப் பிள்ளை அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறது. உங்கள் பட்டியலில் பாதி இந்தக் கேள்விக்குத் தாங்காது.

குழு சின்னதாக இருக்கட்டும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் கயிறு இழுப்பதை அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்த பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டினார்கள். ஆள் கூடினால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து இயங்குவது கடினம், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. உங்களுக்கு 42 பேர், ஏழு ஏழாக ஆறு குழு. சரியாக வரும்.

குழு பிரிக்க லீடர்களைக் கூப்பிட்டு ஆள் எடுக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக மிஞ்சும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும். அதற்குப் பதில் எல்லோரையும் பிறந்த தேதி வரிசையில், வாய் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். விரலால் மாதம், விரலால் தேதி. பேச்சே கூடாது என்பதால் உங்கள் அமைதியான பையனுக்கும் மற்றவர்களுக்கும் அந்த நேரத்தில் வித்தியாசமே இருக்காது. வரிசை முடிந்ததும் ஏழு ஏழாக வெட்டுங்கள். பிறந்த தேதிகள் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. முந்தின நாளே உட்கார்ந்து எந்த ஏழு பேர் சேர்ந்து வருகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். ஒரு குழு முழுக்கப் பழைய ஏ ஆக வந்தால், வரிசையை வேறு இடத்திலிருந்து வெட்டலாம்.

இனி விளையாட்டு. மூன்று போதும்.

முதலில் எண் வட்டம். சுமார் ஐந்து மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம், உள்ளே 1 முதல் 28 வரை எண்கள் தாறுமாறாக. எட்டு மீட்டர் தள்ளி ஒரு கோடு, குழு அதன் பின்னால் நிற்கும். எண்களை வரிசையாகத் தொட வேண்டும், வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் ஓடும், எல்லோரும் திரும்பக் கோட்டுக்கு வந்ததும் நிற்கும். விதி மீறினால் ஐந்து விநாடி கூடும். கையோ காலோ சக்கரமோ எது பட்டாலும் தொட்டதாகக் கணக்கு. முதல் தடவை வேகமாக ஓடும் பிள்ளை ஒருவனே எல்லாவற்றையும் தொட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வருவான். இரண்டாம் தடவை யாராவது ஒருவர், "ஆளுக்கு நாலு எண் பிரிச்சுக்கலாம், வட்டத்தைச் சுத்தி வெளியில நிக்கலாம், நம்ம நம்பர் வரும்போது மட்டும் உள்ள போகலாம்" என்பார். அந்த யோசனை பிறக்கும் நொடிக்காகவே இதை நான் விடாமல் நடத்தியிருக்கிறேன். அதைத் தயவுசெய்து நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் கோப்பைக்குப் பதில் நான் செய்வது இது. ஆறு குழுக்களின் நேரத்தையும் கூட்டி, வகுப்புக்கு ஒரே நேரமாக எழுதிப் போடுவேன். முதல் சுற்றின் மொத்தம் இவ்வளவு, அடுத்த சுற்றில் எவ்வளவு குறைக்கலாம்? இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம், யாரும் எந்தக் குழுவிடமும் போய்ப் பேசலாம். நல்ல உத்தி கண்டுபிடித்த குழு அதை ஒளித்து வைத்தால் மொத்த நேரம் குறையாது. ஆகவே அவர்களே ஓடிப்போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பழைய பி பிள்ளை பழைய ஏ பிள்ளைக்கு விளக்கம் சொல்லும் காட்சியை அங்கே பார்ப்பீர்கள்.

இரண்டாவது, மிதக்கும் குச்சி. எடை மிகக் குறைந்த நீளக் குச்சி வேண்டும். பழைய தாள்களை இறுக்கிச் சுருட்டி ஒட்டினாலே போதும், இரண்டரை மீட்டர் நீளம். ஏழு பேரும் எதிரெதிராக நின்று ஆள்காட்டி விரல்களை நீட்டுவார்கள், குச்சி விரல்களின் மேல் கிடக்கும். யார் விரலும் குச்சியை விட்டு விலகாமல் அதைக் கீழே இறக்க வேண்டும். இறங்காது, மேலே போகும்! விரல் விட்டுப்போகுமோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் துளியளவு மேலே தள்ளுவார்கள். அந்தத் துளிகள் சேர்ந்தால் குச்சியின் எடையை மிஞ்சிவிடும். உடனே, "யாருடா தூக்குறது?" என்று ஆரம்பிக்கும். உங்கள் வகுப்பில் பழி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இங்கே எல்லோரும்தான் தூக்குகிறார்கள், அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். தரை வரை இறக்க வேண்டும் என்று வைக்காதீர்கள். நாற்காலியின் இருக்கை உயரம் வந்தால் முடிந்தது என்று எல்லாக் குழுவுக்கும் ஒரே விதி வையுங்கள். சலுகை என்று யாருக்கும் தோன்றாது.

மூன்றாவது, வரைபடத் தேடல். மைதானத்தின் படத்தை ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குறி போடுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் தன் துண்டை அரை நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிறகு பேசிப் பேசியே முழுப் படத்தையும் வரைந்து ஏழு குறிகளையும் தேட வேண்டும். எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறை ஒரே வகுப்பில் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தபோது கொண்டுவந்த முறை இது. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார், தேர்வுக்கு எல்லாத் துண்டும் தேவைப்படும். உங்கள் பையனிடம் இருக்கும் துண்டு வேறு யாரிடமும் இல்லை. அவன் வாய் திறக்கும் வரை மற்ற ஆறு பேரும் காத்திருந்து, கெஞ்சி, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த மாணவியிடம் இனிமேல் ஸ்கோர் நோட்டைக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே அவளையே கூப்பிட்டு மைதானத்தை ஒரு சுற்று வந்து, எங்கே சக்கரம் புதைகிறது, எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். வட்டங்களைச் சக்கரம் நன்றாக ஓடும் இடத்தில் போடுங்கள்.

---

சாரணர் பொறுப்பாளர் எழுதியது:

வாத்தியார் சொன்னதற்கு மேல் விளையாட்டு சேர்க்க ஒன்றுமில்லை. பாதுகாப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் டீச்சரின் பட்டியலில் இரண்டு எனக்குக் கவலை தருகின்றன.

பின்னால் சாய்ந்து விழுவதை எடுத்துவிடுங்கள். பிடிப்பதற்குச் சரியாக நிற்கப் பழக்கிய பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. தவறினால் தலையும் கழுத்தும்தான் முதலில் அடிபடும். நம்பிக்கை வளர்க்க வந்த விளையாட்டில் ஒரு பிள்ளை கீழே விழுந்தால் அந்த நம்பிக்கை பல மாதங்களுக்குத் திரும்பாது.

கயிறு இழுத்தல் சாதாரணமாகத் தெரியும். 1997இல் தைவானின் தைபே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த நைலான் கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கையே துண்டானது. நைலான் இழுபட்டு நீளும், அறுந்தால் அந்த விசையோடு திரும்பி அடிக்கும். சர்வதேசப் போட்டி விதியில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர், கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர். எப்போதாவது நடத்துவதானால் அந்தத் தடிமனில் நார்க்கயிறு, ஆள் குறைவாக. கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது, முடிச்சும் வளையமும் கூடாது. இந்த முறை உங்களுக்கு அது தேவையே இல்லை.

கண்ணைக் கட்டுவது பற்றி: சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே பயம் வரும். துணிக்குப் பதில் தானே கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று விடுங்கள். ஓட்டம் கூடாது, கட்டிய ஒவ்வொருவருக்கும் கட்டாத ஒருவர் துணை.

முந்தின நாள் மைதானத்தை நடந்து பார்த்துக் கல், கண்ணாடி, குழி எல்லாம் சரி செய்யுங்கள். மூச்சிரைப்பு, பூச்சிக்கடி ஒவ்வாமை யாருக்கு என்று பட்டியல் கையில் இருக்கட்டும், அவர்களுடைய மருந்தும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில். ஒரே விசில், அதற்கு ஒரே அர்த்தம்: அப்படியே நில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் தண்ணீர்.

---

ஒரு அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. டீச்சர் சொன்ன அந்தப் பையனைப் போல எனக்கு ஒரு மகள். இந்த மாதிரி நாட்கள் வந்தால் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்பாள். அவளுக்கு எது உதவியது என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

என்ன நடக்கப் போகிறது என்று முன்னாடியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மூன்று விளையாட்டின் பெயரையும் விதியையும் முந்தின நாள் வகுப்பில் சொல்லிவிடுங்கள். குழுவில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும், ஒன்று போதும். வாத்தியார் சொன்ன மாதிரி தேதியைப் பார்க்கும்போது அந்தப் பையனுக்கு ஒரு நண்பனும் கூட வருகிறானா என்று பாருங்கள்.

அப்புறம் முக்கியமாக, விளையாட்டு முடிந்து வட்டமாக உட்கார வைத்து, "நீ சொல், உனக்கு எப்படி இருந்தது?" என்று வரிசையாகக் கேட்பார்கள் பாருங்கள், அது வேண்டாம். தன் முறை வரப்போகிறதே என்ற பதற்றத்தில் என் மகள் அந்த நாள் முழுவதையும் மறந்துவிடுவாள்.

---

ஏழாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலைக் கிழித்துவிட்டேன். கோப்பை வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் பேசினேன், ராபர்ஸ் கேவ் கதையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

வாத்தியார் சார், இன்னும் மூன்று சந்தேகம். குச்சி விளையாட்டில் சண்டை வந்தால் நான் குறுக்கே போகலாமா? முடிந்த பிறகு பேச வைத்தால் என் பிள்ளைகள், "ஒற்றுமையே பலம், மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அதை எப்படித் தாண்டுவது? கடைசியாக, எண்களைக் காகிதத்தில் எழுதிப் போட்டால் காற்றில் பறக்காதா?

---

மைதானத்து வாத்தியார் எழுதியது:

டீச்சர், கை நீளாத வரை குறுக்கே போக வேண்டாம். குரல் உயரட்டும், பரவாயில்லை. ஒரு பிள்ளையைக் குறிவைத்துக் கேலி செய்தாலோ தள்ளினாலோ உடனே விசில். மற்றபடி இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். நமக்குத்தான் அது கஷ்டம். விடை தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உடன் வரும் இரண்டு ஆசிரியர்களிடமும் இதை முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டால் ஒற்றுமையே பலம் என்றுதான் வரும். நமக்குப் பிடித்த பதில் எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்ததை மட்டும் கேளுங்கள். குச்சி எந்த இடத்தில் இறங்க ஆரம்பித்தது? அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள்? யாராவது நல்ல யோசனை சொல்லி அது மற்றவர் காதில் விழாமல் போனதா? முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் எதை மாற்றினீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பாடப்புத்தகப் பதில் கிடையாது. யோசித்தால்தான் சொல்ல முடியும், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அங்கேதான் பேச்சு தொடங்கும்.

அந்த அம்மா சொன்னது பொன்னான வார்த்தை. வரிசையாகக் கேட்காதீர்கள். ஒரு கோடு போட்டு, 'நான் சொன்னதைக் குழு கேட்டது' என்றால் இந்த முனை, 'கேட்கவில்லை' என்றால் அந்த முனை, போய் நில்லுங்கள் என்று சொல்லுங்கள். வாய் திறக்காமலே எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். கேட்கவில்லை என்ற முனையில் யார் நிற்கிறார்கள் என்று அந்தக் குழு தன் கண்ணால் பார்க்கட்டும். விளக்கம் சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம், மற்றவரை விட்டுவிடுங்கள்.

பேசிய கையோடு அதே விளையாட்டை இன்னொரு முறை ஆடவிடுங்கள். பேசியதைச் செய்து பார்க்காவிட்டால் அது பேச்சாகவே போய்விடும். நேரம் பற்றவில்லை என்றால் வரைபடத் தேடலை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், பேசும் நேரத்தில் கை வைக்காதீர்கள். அந்த ஏழு பேர் குழுவையே வகுப்பில் அடுத்த சில வாரங்களுக்கு, அறிவியல் செய்முறையோ சுவர்ப் பத்திரிகையோ, ஏதாவது ஒன்றுக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பொழுதில் மரத்தடிகள் இரண்டும் ஒன்றாகிவிடாது.

காகிதம் பறக்கத்தான் செய்யும். மேலே கல் வைத்தால் கால் தடுக்கும். சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணும் ஒரு முழ உயரத்துக்கு. சக்கரம் ஏறினாலும் தடை இருக்காது. ஆறு வட்டத்திலும் எண்களின் இடம் வேறு வேறாக இருக்கட்டும், அடுத்த குழுவின் மனப்பாடம் உதவாமல் உத்தி மட்டும் உதவும். காலையில் பனி ஈரம் இருந்தால் தூள் கரையும், ஆகவே பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் எழுதினால் போதும்.